உப்புக் கிணறு

2023 மே 9 அன்று, திண்டுக்கல் பைபாஸ் பட்டறைக்குத் தப்ரேஸின் பழைய டீசல் லாரி மூன்றாவது முறையாக, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் வற்றி வந்து சேர்ந்தது. மெக்கானிக் பெருமாள்சாமி ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். அழுத்தமானியில் ஏறிய முள் இறங்கவே இல்லை. எஞ்சின் ஆயிலிலும் கூலன்ட் கலக்கவில்லை.

"எங்கயும் ஒழுகல பாய். அம்புட்டையும் நீங்களே குடிக்கிறீகளா?"

"கிண்டலாண்ணே?"

"குடிச்சுத் தொலைச்சிராதீக. இனிக்கும், ஆனா வெசம். போன மாசம் அதை நக்கின கிடா ஒண்ணு செத்துப்போச்சு."

தப்ரேஸ் மறுபடி கூலன்ட் நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினான். கிணற்றடியில் நின்ற மனைவி ருக்ஸார் சிரித்தாள்.

"ஏங்க, அதிசயத்தக் கேளுங்க. நம்ம உப்புக் கிணத்துத் தண்ணி காலையிலருந்து இனிக்குது."

பக்கத்தில் அவர்களுடைய ஆறு வயது மகள் ரிஃபாத், குடித்து முடித்த சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.