பேர் சொன்ன குற்றம்

"ஏங்க."

அவர் திரும்பவில்லை. முன்னால் போய்க்கொண்டே கையை மட்டும் பின்பக்கமாக ஆட்டினார். வா, வா என்று அர்த்தம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கைக்குப் பின்னால்தான் அவள் நடக்கிறாள்.

ரயில் ஓடிய காலத்து மேடு அது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சரளைக் கல்லை விட்டுவிட்டார்கள். நடுவில் செம்மண் கொட்டியதும் ஊரே காலையில் அதன்மேல் நடக்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் புதர். கீரி குறுக்கே ஓடும். மயில் வந்து நின்று வேடிக்கை பார்க்கும். ஆட்காட்டிக் குருவி கல்லோடு கல்லாக முட்டை இட்டுவிட்டு, போவோர் வருவோரைப் பார்த்தெல்லாம் கத்தும்.

குருவி கத்தினால் அவர் நிற்பார். முட்டை எங்கே என்று குனிந்து தேடுவார்.

பெண்டாட்டி கத்தினால்தான் காது அடைத்துவிடும்.

"ஏங்க!"

மறுபடியும் கை.

அவர் கால் வைக்கப்போகிற இடத்தில், வெயில் விழுந்த மண்ணில், சுருண்டு கிடந்தது கண்ணாடி விரியன். தடித்த உடம்பு. முதுகெல்லாம் சங்கிலி கோத்த மாதிரி வட்டம். போன ஆடியில் இதே மேட்டில் புல் அறுக்க வந்தவளைக் கடித்தது இந்த ஜாதிதான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அவள் தாங்கவில்லை.

அவர் கண் தரையில் இல்லை. பழைய ஸ்டேஷன் மேடையில் அவருடைய நடைக்கூட்டாளிகள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்க அவள் முழங்கால் விடாது.

"கலியபெருமாள்! நில்லு!"

நின்றார்.

தூக்கிய காலைப் பின்னால் வைத்துத் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் விரியன் நிதானமாக அவிழ்ந்து, கல்லிடுக்கில் போய்ப் புகுந்தது. அதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

மேடையில் இருந்த நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தே விட்டார்.

பாம்பு என்றாள். எங்கே என்றார். கையைக் காட்டினாள். அங்கே வெறும் மண்தான் இருந்தது.

பாம்பாவது பல்லியாவது என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்தார். மின்வாரியத்தில் இருந்தவரைக்கும் ஒருத்தன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்ற தாயே தம்பி என்றுதான் கூப்பிட்டாள். கட்டிக்கொண்டு வந்தவள், நாலு பேர் பார்க்க, மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டிவிட்டாளாம். இதில் நில்லு வேறாம். மானம் போய்விட்டதாம்.

மானம் போனவர் காபியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடாமல் விட்டிருந்தால் இந்நேரம் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருப்பார்கள் என்று சொல்லியும் விட்டாள். நான் பாம்பைப் பார்க்கவே இல்லையே என்றார். அவர் கண்ணில் படாதது உலகத்திலேயே இல்லாதது. அப்படித்தான் இத்தனை வருஷமும்.

பிறகு தீர்ப்பு வந்தது. நாளைக் காலையில் அவள் அந்த மேடை வரைக்கும் வர வேண்டும். தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அந்த நாலு பேர் முன்னால் அவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த சட்டியையே மறுபடியும் எடுத்துத் தேய்த்தாள். செய்த நல்லதுக்குக் கும்பிட வேண்டாம். அவளைக் கும்பிடச் சொல்லாமலாவது இருக்கலாம்.

அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று விரலை நீட்டினார்.

"உசுரே போனாலும் சரி, இன்னொரு தடவ என் பேரு உன் வாயில வரக் கூடாது."

யார் உயிர் என்று சொல்லவில்லை.

சரி என்றாள்.

அன்று ராத்திரி அவளுக்குக் கண் மூடவில்லை. காப்பாற்றிய உயிர் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டது.

காலையில் கிளம்பும்போது, சொல்ல வேண்டியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். தலையை ஆட்டினாள்.

அதே மேடு. அவர் முன்னால். அவள் பின்னால்.

ஆட்காட்டி கத்தியது. நின்றார். குனிந்து முட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. நடந்தார்.

மேடையில் நான்கு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவர் நடையில் ஒரு மிடுக்கு வந்தது. இதோ கூட்டிக்கொண்டு வருகிறேன் பார் என்கிற மிடுக்கு.

அவள்தான் முதலில் பார்த்தாள்.

அதே இடம். அதே வெயில். அதே சுருள்.

"ஏங்க."

சத்தமாகத்தான் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவும் கேட்டது.

கை மட்டும் பின்பக்கமாக ஆடியது. வா, வா.

பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.