இறங்காத எடை

"களவாத் தின்றாள், டொக்டர். வேற ஒண்டும் இல்ல."

தராசிலிருந்து இறங்கிய மகளைப் பார்க்காமலே சொன்னாள் புஸ்பம். பதினைந்து வயதுத் தனுஷியா தலையைக் குனிந்துகொண்டாள். போன வருஷம் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் துள்ளித் திரிந்த பிள்ளை இது என்றால் யார் நம்புவார்கள்?

புஸ்பம் என்னதான் செய்யவில்லை! காலையில் தின்னும் பாணை நிறுத்தினாள், தேநீரோடு தின்னும் பணிஸை நிறுத்தினாள், இரவுச் சோற்றைப் பாதியாக்கினாள். எடை மட்டும் இறங்குவேனா என்றது.

தகப்பன் இல்லாத வீடு. மண்டூரில் நெல் அவித்து விற்றுத்தான் பிழைப்பு. கண்ணகை அம்மன் சடங்குக்கு நேர்த்தி வைத்த புண்ணியமோ என்னவோ, புஸ்பத்தை வருஷக்கணக்காக வாட்டிய மூச்சிழுப்பு இந்த முறை எட்டியும் பார்க்கவில்லை. அந்தத் தெம்பில்தான் மகளைக் கவனிக்கவே அவளுக்கு முடிந்தது.

பின்னேரங்களில் பிள்ளை என்ன செய்வாள் என்று டொக்டர் அம்மா கேட்டார். புஸ்பத்துக்குப் பெருமை வந்துவிட்டது.

"சும்மா இரிக்க விடுறல்ல, டொக்டர். முந்தி நான் இருந்து நெல் அவிச்ச உமி அடுப்படியில இப்ப இவள இருத்துறன். நல்லா வேர்த்தா கொழுப்புக் கரையும்தானே."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுத் தனுஷியாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

நெஞ்சு முழுக்க இரைகிறது என்றார் பிறகு. மூச்சு வாங்குகிற பிள்ளை எப்படி ஓடி விளையாடும் என்று கேட்டார். புகைக்குள் வளர்கிற பிள்ளைகளுக்கு உடம்பு வைக்க அந்தப் புகையும் ஒரு காரணமாகலாம் என்று இப்போது ஆராய்ச்சியில் சொல்கிறார்களாம். இனி இவளை அடுப்புப் பக்கமே விடவேண்டாம் என்றார்.

வாவியைக் கடக்கும் பாதைப்படகில் புஸ்பத்துக்கு அழுகை அடங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினியும் போட்டு, புகைக்குள்ளும் இருத்தின பாவி நான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூச்சு முட்டுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மகள். போதும் எழும்பு எண்டு நானே சொன்ன நாளும் இரிக்கே. ஏன் எழும்பல்ல?"

தனுஷியா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எழும்பினா, உங்களுக்குத் திரும்ப இழுப்பு வந்திரும், அம்மா."