மார்ச்சில் பிறந்தவன்

“இதுக்குப் பேரு தேர்வா? நீங்களே சொல்லுங்க கோச்!”

இகராஷி எழுந்து நின்று போட்ட சத்தத்தில், பெற்றோர் கூட்டத்தில் பார்லி டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மாக்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

நாலாம் வகுப்பு பேஸ்பால் டீமுக்கு ஒன்பது பேரை அப்போதுதான் அறிவித்திருந்தார் கோச் ஹோசகா. இகராஷியின் மகன் ஹருமா வழக்கம்போல பெஞ்சில்.

“கோவிச்சுக்காதீங்க இகராஷி-சான். உங்க பையன் அடிச்சா பந்து தூரம் போக மாட்டேங்குது.”

“எப்படிப் போகும்? அவன் பிறந்தது மார்ச் கடைசி. நீங்க எடுத்த ஒன்பது பேரும் ஏப்ரல், மே, ஜூன்! ஏப்ரல் ரெண்டாம் தேதியில இருந்து அடுத்த ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் பிறந்தவங்களைத்தானே ஸ்கூல்ல ஒரே வகுப்புல போடறாங்க? ஒரே வகுப்புன்னு பேருதான். அவங்க எல்லாம் இவனைவிட ஒரு வருஷச் சோறு கூடுதலா சாப்பிட்டவங்க!”

கூட்டம் சிரித்தது. கோச்சும் தலையைச் சொறிந்தார்.

“சிரிக்காதீங்க. நாம திறமையைப் பார்க்கல, பிறந்த நாளைப் பார்க்கறோம். முந்திப் பிறந்தவன் ஆடுவான், பிந்திப் பிறந்தவன் தண்ணி தூக்குவான். ‘எனக்கு பேஸ்பால் வராதுப்பா’ன்னு நேத்து கையுறையைத் தூக்கி மூலையில போட்டுட்டான் என் பையன். பத்து வயசுகூட ஆகல!”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதலில் எழுந்தவர் திருமதி நிஷியோ. டீமிலேயே பெரிய அடி அடிப்பது அவர் மகன்தான். ஏப்ரலில் பிறந்தவன்.

“பாதி ஆட்டம் என் பையன் உட்காரட்டும் கோச். அவன் இடத்துல ஹருமா ஆடட்டும்.”

உடனே கைதட்டல். இனி பிந்திப் பிறந்த பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் இடம் உண்டு என்று கோச் இடுப்பை வளைத்து வணங்கிச் சொன்னார்.

இகராஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த மனைவி.

“இந்தப் பிரசவமும் ஆபரேஷன்தானாம். டாக்டர் நாள் குறிச்சுட்டார். மார்ச் முப்பது.”

இகராஷி சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு மூணு நாள் தள்ளி வைக்க முடியுமான்னு கேளேன். ஏப்ரல்ல பிறந்தா, வகுப்புலயே நம்ம பிள்ளைதான் பெரியவன்!”