ராஜாம்பாள் ஒழிக!

"ஹால் டிக்கெட் கிடையாது வெண்மதி."

ஊட்டச்சத்தியல் துறைத் தலைவர் ராஜாம்பாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெண்மதி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். எம்.எஸ்சி. மனித ஊட்டச்சத்து, கடைசி செமஸ்டர். எழுதினால் பட்டம். எழுதாவிட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் என்றால் மாமியார் வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள்.

"பிரசவத்துக்குப் போனதாலதான் மேடம் அட்டென்டன்ஸ் குறைஞ்சுது. டைபாய்டு வந்த ராஜவேலுக்கு விலக்கு குடுத்தீங்களே?"

"டைபாய்டு நோய். பிரசவம் நோய் இல்லை. நோய்க்கு மட்டும்தான் விலக்குன்னு கல்லூரி விதி சொல்லுது."

"அப்ப பிள்ளை பெத்ததுக்குப் பதிலா நோயில படுத்திருந்தா பரீட்சை எழுதியிருப்பேனா மேடம்?"

பக்கத்து மேசையில் கல்லூரி மேலாளர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விதியில இடமில்லைம்மா. போ" என்றார் ராஜாம்பாள்.

இரண்டே நாளில் விஷயம் செராமிக் தொழிலாளர் சங்கத்துக்கு எட்டிவிட்டது. வெண்மதியின் அம்மா ராணி, ஊறுகாய் ஜாடி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். சங்கத் தலைவர் தங்கதுரை பாதி வாழ்க்கையைப் போராட்டத்திலும் மீதியைக் கோர்ட் வாசலிலும் கழித்தவர். கேட்க வேண்டுமா?

திங்கட்கிழமை காலை. ஷிப்டு முடிந்த பெண்கள் கையிலும் காலிலும் வெள்ளை மண்ணோடு அப்படியே வந்து கல்லூரி கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள்.

"பாலூட்டும் தாய்க்கு எத்தனை கலோரி?"

"கேள்வித்தாளில் கேட்பாயே!"

"பாலூட்டும் தாய் எழுத வந்தால்?"

"வாசலிலே நிறுத்துவாயே!"

"ராஜாம்பாள்!"

"ஒழிக! ஒழிக!"

போலீஸ் வந்தது. வழக்கம்போல முதலில் சாமியானாவைப் பிரித்தது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்தார்கள்.

அட்மிஷன் நேரம். மகளைச் சேர்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஒருவர், கேட்டில் நின்று கோஷத்தைக் கேட்டார். மகளைப் பார்த்தார். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதை மாடியிலிருந்து தாளாளர் கலியபெருமாள் பார்த்தார். அத்தனை தொண்டையாலும் ஆகாததை அந்த ஒரு பைக் செய்தது.

உடனே பேச்சுவார்த்தை. தாளாளர் அறையில் ஏசி, ஆளுக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ். தங்கதுரையும் ராணியும் பாட்டிலைத் தொடவில்லை.

"என்ன தலைவரே, பொம்பளைங்கள இப்படி வெயில்ல உக்கார வெச்சிருக்கீங்க?"

"நான் உக்கார வெக்கலீங்க. உங்க துறைத் தலைவி உக்கார வெச்சாங்க."

தாளாளர் ராஜாம்பாள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு ஒருத்திக்கு விட்டுக் குடுத்துட்டா என்ன?"

"முடியாதுங்க சார். ஒருத்திக்காக விதியை வளைக்க மாட்டேன். வேணும்னா விதியையே நீங்க மாத்துங்க."

"கல்நெஞ்சுக்காரி" என்றாள் ராணி, சத்தமாகவே.

தாளாளருக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போனது. கல்நெஞ்சுக்காரி ஒருத்தி இருந்தால் அந்த அறையில் கருணைக்கு ஆள் தேவைப்படும் அல்லவா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திட்டாப் போச்சு! எழுதிக்குங்க. பிரசவத்துக்குப் போற நாளெல்லாம் இனிமே வருகைதான். இந்தப் பொண்ணுக்கு மட்டுமில்ல, இனி வர்ற எல்லாப் பொண்ணுங்களுக்கும். நானும் ரெண்டு பொண்ணைப் பெத்தவன்தான் தலைவரே!"

கேட்டுக்கு வெளியே சரவெடி வெடித்தது. வெண்மதியைத் தூக்காத குறை. குழந்தை கைக்குக் கை மாறி, முகமெல்லாம் வெள்ளை மண்ணோடு சிரித்தது. யாரோ "தாளாளர் வாழ்க!" என்றுகூடக் கத்தினார்கள். வாழட்டும், ஜெயித்தவனுக்கு அதில் என்ன நஷ்டம்?

அந்தக் கூட்டத்தின் நடுவே ராஜாம்பாள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தங்கம்மாள் குறுக்கே போய் நின்றாள். சங்கத்தில் அவள் வாய்க்குக் கம்பெனி மேலாளர்களே பயப்படுவார்கள்.

"ஏங்க டீச்சரம்மா, நீங்க நடத்துற சத்துல வெக்கம்னு ஒரு சத்து வருமா? வந்தா கொஞ்சம் சாப்புட்டுப் பாருங்க!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ராஜாம்பாள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தங்கதுரையும் ராணியும் மட்டும்.

"நாசமாப் போவா அந்தப் பொம்பளை" என்றாள் ராணி.

"அப்படிச் சொல்லாதம்மா."

"ஏன் சொல்லக் கூடாது? எம்பொண்ணு வூட்டுக்கு வந்து படுத்தவதான், ஒரு வாய் சோறு தின்னல. யார்கிட்டயும் வாயைத் தொறக்கல. நானும் தொறக்கல. ஆமா... உங்களுக்கு யாருண்ணே சேதி சொன்னாங்க?"

தங்கதுரை டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ராஜாம்பாள்தான்."

"யாரு?"

"சங்க ஆபீசுக்கே வந்தாங்க. இந்த விதியை எடுக்கச் சொல்லி அந்த அம்மா பேசாத மீட்டிங்கே இல்லியாம், ஒருத்தரும் காதுல வாங்கல. 'ஆளுங்களைக் கூட்டியாந்து உக்காருங்க. ஆனா தாளாளர் பேரை மட்டும் எடுத்துடாதீங்க, ரோசம் வந்துட்டா மனுஷன் இறங்க மாட்டாரு'ன்னாங்க. வெளிய தெரிஞ்சா அவங்க வேலை போயிடும், உன்னோட வெச்சுக்க."

ராணி கையிலிருந்த வெள்ளை மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப யாரைத்தாங்க ஒழிகன்னு கத்தறதுன்னு கேட்டேன். 'அதுக்கென்ன, எம் பேரு இருக்குதே'ன்னாங்க."