காலை வண்டியில் வந்த மூட்டை

மூட்டையின் முடிச்சை அவிழ்த்ததுமே சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது என்றுதான் கூடச் சாமான் பிரித்துக்கொண்டிருந்த மற்ற பெண்கள் நினைத்தார்கள்.

சுனாமி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. உப்பளம் பகுதியில் இருந்த தன் ஏற்றுமதிக் குடோனை நிவாரண வேலைக்கென்று ஒழித்துக் கொடுத்திருந்தார் கமருஸ்ஸமான் பாய். ஊருக்குள் சேகரித்து வரும் சாமான்களைப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு பெட்டியாகக் கட்டி, காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பங்களுக்கு அனுப்பவேண்டும்.

பொறுப்பு முழுக்க பேக்கிங் சூப்பர்வைசர் விஜயராகவனுடையது. பீங்கான் சாமான்களைக் கீறல் விழாமல் கப்பலேற்றிப் பழகிய ஆள். அரிசியும் பருப்பும் அடியில். அரிக்கேன் விளக்கின் கண்ணாடி வைக்கோல் சுற்றி நடுவில். தீப்பெட்டி பாலிதீன் பைக்குள்.

"லாரிலேர்ந்து தூக்கிப் போட்டாலும் உள்ள ஒண்ணும் ஒடையக்கூடாது. மழை பெஞ்சா நனையக்கூடாது" என்று ஒவ்வொரு பெட்டியையும் தானே குலுக்கிப் பார்ப்பார். ஒரு வாரமாக வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போய்வந்தார்.

துணி மூட்டைகள்தான் அவரை நிலைகுலைய வைத்தன. ஜிப் போன பேண்ட், கிழிந்த உள்பாவாடை, ஒற்றைச் செருப்பு. முந்தின நாள் ஒரு பையில் தரை துடைத்த துணியே வந்திருந்தது.

இன்றைக்குக் காலை வண்டியில் வந்தது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் எட்டவே நின்றார். திரும்பி வந்த சுலோசனா ஒரு குச்சியால் கிளறிக் காட்டினாள்.

மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய்க் கறை பிடித்த வேட்டிகள். நடுவே மடித்து வைத்த ரப்பர் ஷீட் ஒன்று. மூத்திர நெடியும் மருந்து நெடியும் குடோன் முழுக்கப் பரவின.

"என் ஓர்ப்படி காலாப்பட்டு ஷெட்டுலதான் சார் இருக்குறா. கட்டுன பொடவையோட ஓடியாந்தவ. பெட்டியத் தொறந்தா அவ கையில இதுவா கெடைக்கணும்?"

அப்பாவின் காரியத்துக்கு மழித்த விஜயராகவனின் தலையில் முடி முள்முள்ளாய் முளைத்திருந்தது. அதை எரிச்சலோடு சொறிந்துகொண்டார்.

"மனுசங்களா இவங்க? குப்பைத்தொட்டிக்குப் போவ சோம்பேறித்தனம், இங்க அனுப்பிட்டு தர்மம் பண்ணிட்டேன்னு சொல்லிக்கறது. கொண்டுபோயி கொளுத்தும்மா."

சுலோசனா மூட்டையைக் குச்சியாலேயே பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அவர் சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவினார். தொடவே இல்லை, ஆனாலும் கழுவினார்.

அப்போது செல்போன் அடித்தது. மனைவி சரிதா.

"மணி ரெண்டாவுது. இன்னைக்காவது சாப்பிட வரலையா?"

"சோறா? நெனச்சாலே வாந்தி வருது" என்றார். "காலைல ஒரு மூட்டை வந்துச்சு பாரு. எந்த வீட்டு அசிங்கமோ. மூத்திர வேட்டி, ரப்பர் ஷீட்டு. வீடு வாசல் போனவங்களுக்குக் குடுக்கற பொருளா இது? குடுத்தது யாருன்னு மட்டும் தெரியட்டும், தெருவுல நிக்கவச்சிக் கேக்கறேன்."

அவர் பேசி முடிப்பதற்குள் சரிதா கேட்டாள்:

"அத என்னா பண்ணீங்க?"

"கொளுத்தச் சொல்லிட்டேன். ஏன்?"

குடோனுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பியது. சரிதா மெல்லச் சொன்னாள்:

"மாமாவோட வேட்டிங்க அது. அவரு படுத்துக் கெடந்த ஆறு மாசத்துல நீங்கதான் ஒரு நாளும் அந்த ரூமுக்குள்ள வரலையே, எப்பிடித் தெரியும்?"