வேரோடு தூக்கிய மல்லிகை

சாலையை அகலப்படுத்த நாளை வீட்டின் முன்சுவரை இடிக்கப்போகிறார்கள். அதனால் அதை ஒட்டியிருக்கும் மல்லிகையைப் பெயர்த்துப் பின்புறம் நட, மாதேஸ்வரன் சுற்றிலும் தோண்டியிருக்கிறான். குழிக்குள் மண்டியிட்டு, இரு கைகளையும் வேர்மண்ணுக்கு அடியில் கொடுத்துச் செடியைத் தூக்குகிறான். தண்ணீர்க் குடத்தோடு வரும் மனைவி அமுதவல்லி சாய்வெயிலில் அதைப் பார்த்துவிடுகிறாள். அவன் மணிக்கட்டை ஒட்டிக் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடக்கிறது.

“கையை அசைக்காதீங்க,” என்கிறாள் மெதுவாக. “விரியனுங்க.”

அவன் கண்களை இறுக மூடிக்கொள்கிறான். செடியின் பாரத்தில் தோள்கள் நடுங்க, மொட்டுகள் உதிர்கின்றன. பாம்பு தலையைத் தூக்குகிறது. அவன் மணிக்கட்டின்மேல் ஏறி, மெல்ல ஊர்ந்து, சுவரடிப் பொந்துக்குள் மறைகிறது.

“போயிருச்சா?” என்கிறான்.

அமுதவல்லி தலையை மட்டும் ஆட்டுகிறாள், ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.