மூடிக்கு அடியில் வெள்ளை

“இன்ஜினைப் பிரிச்சுப் போடுப்பா. கேஸ்கட்தான் போயிருக்கு” என்றார் கார்க்காரர்.

“போகலை சார்” என்றான் மெக்கானிக்.

“போயிருக்குங்கறேன்!”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். போகாததைப் போச்சு என்று சொல்லிப் பிழைக்கிற தொழில் அது. கஸ்டமரே பிசைந்து வாயில் ஊட்டுகிறார், இவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்கிறான். சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான்.

காருக்கு வயசு இருபத்தாறு. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தால் அடியில் வெள்ளை வெளேரென்று, வெண்ணெய் திரண்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிலில் தண்ணீர் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் தகராறு.

கார்க்காரரின் வீட்டுக்காரம்மா ஒரு பழைய டயரின் மேல் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தாள். கார் அவர் பேரில் இருந்தது, முடிவெல்லாம் அந்த அம்மாள் பேரில். மெக்கானிக் ஏமாற்றிவிடுவானே என்று காவலுக்கு வந்தவள்.

“கேஸ்கட் போனா ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலந்து குறையும். இங்க கழுத்து வரைக்கும் நிக்குது. வெள்ளைப் புகையும் வரலை” என்றான் மெக்கானிக். ஆயில் அளக்கிற கம்பியை உருவி அந்த அம்மாளிடம் காட்டினான். “பாருங்கம்மா, உள்ளே இருக்கிற ஆயில் சுத்தம். மூடியில மட்டும்தான் வெள்ளை.”

“அப்போ வேற என்னதான் தம்பி காரணம்?”

“இன்ஜின் சூடேறதுக்குள்ளே வண்டியை நிறுத்திடறாங்க. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாப் போக நேரமில்லை. அதான் மூடியில படிஞ்சு ஆயிலோட சேர்ந்துக்குது. தினமும் எவ்வளவு தூரம் ஓடுது?”

கார்க்காரர் தொண்டையைக் கனைத்தார். “போக பதினாலு கிலோமீட்டர், வர பதினாலு. ஏரிக்கரைக்கு.”

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் தம்பி. நம்ம தெருவுல நாய்த் தொல்லை, நடந்தா ஏரிக்கரையிலதான் நடப்பேன்னுட்டார்” என்றாள் வீட்டுக்காரம்மா. “ஒரு நாள் விட்டீங்க, மறுநாள்லேர்ந்து நானும் கூட வந்து நடப்பேன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு வருஷமாத் தவறினதே இல்லை. அவர் ஷூவைப் பாருங்க, அடிப்பக்கம் கூடத் தேயலை. நல்ல கம்பெனி.”

மெக்கானிக் ஷூவைப் பார்த்தான். கார்க்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கிலோமீட்டர் காட்டுகிற மீட்டரைப் பார்க்கலாம் என்றால், அது செத்துப் பத்து வருஷம்.

“சார், இந்த பெல்ட்டைக் கொஞ்சம் வந்து பாருங்க” என்று அவரை பானெட்டுக்கு மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனான் மெக்கானிக். குரலை இறக்கினான். “பதினாலு கிலோமீட்டர் ஓடினா இன்ஜின் நல்லாச் சூடேறியிருக்கும். மீட்டர் செத்தாலும் ஆயில் பொய் சொல்லாது. எங்கே சார் போறீங்க?”

“ரெண்டு தெரு தள்ளி. சலூனுக்கு.”

மெக்கானிக் அவர் தலையைப் பார்த்தான். வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் பாக்கி இல்லை. “தினமுமா?”

“அந்த நாற்காலி நல்லாச் சாயும்ப்பா. துணியைப் போத்திவிட்டான்னா ஒண்ணரை மணி நேரம் அசையமாட்டேன். எனக்காக ஆறு மணிக்கே கடையைத் திறக்கிறான், தங்கமான மனுஷன். கிளம்பும்போது மூஞ்சியில ரெண்டு தடவை தண்ணியைப் பீச்சி விடுவான், வேர்த்த மாதிரி.”

“அடப்பாவமே!”

“கேஸ்கட்னு சொல்லித் தொலைச்சுடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும். விஷயம் தெரிஞ்சா நாளையிலேர்ந்து அவளும் கூட வருவா. வந்தா நடக்கமாட்டா, பேசுவா. போக பதினாலு, வர பதினாலு.”

மெக்கானிக்குக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“மறுபடியும் பார்த்துட்டேம்மா. கேஸ்கட்தான். வண்டி நாலு நாள் இங்கேயே நிக்கணும்.”

வீட்டுக்காரம்மா டயரை விட்டு எழுந்தேவிட்டாள். “நாலு நாளா! ஐயோ, அவர் நடை என்ன ஆகறது?”

“என்ன பண்றது, வீட்டுலேயே கிடக்கறேன்” என்றார் கார்க்காரர். மூஞ்சியில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனார். துக்கம் வாசல் வரைக்கும்தான் தாங்கியது. அதற்கப்புறம் விசில் சத்தம் கேட்டது.

மெக்கானிக்குக்கு மனசு உறுத்தியது. ஒரு பொம்பளை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டோமே.

“அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்…”

“சொல்லாதீங்க.” அவள் ஒரு தடவை ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். “அந்தச் சலூன்காரனை ஆறு மணிக்கே திறக்கச் சொன்னதே நான்தான்.”

“நீங்களா!” என்றான் மெக்கானிக்.

“ஒண்ணரை மணி நேரம் வீடு எப்படி இருக்கும் தெரியுமா தம்பி? பேப்பரை நான் முதல்ல படிப்பேன். ஃபேனை எனக்குப் பிடிச்ச வேகத்துல வெச்சுப்பேன். அது ஏன் இங்க, இது ஏன் அங்கேன்னு கேக்க ஆளில்லை. நாலு நாள் அவரை முழுசா வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அந்த மூடியைத் துடைச்சுட்டு, கேஸ்கட் மாத்தியாச்சுன்னு சொல்லி இன்னிக்கே வண்டியைக் குடுத்துடுங்க.”

ரோட்டில் ஆட்டோ வந்து நின்றது. அவள் நாலடி போய்த் திரும்பி வந்தாள்.

“அப்புறம் தம்பி, இனிமே சாயங்காலமும் வண்டியை எடுத்தாத்தான் இன்ஜின் தாங்கும்னு சொல்லிடுங்க.”